தொப்பைத் தாளம்

எனக்குக் காலையில் பசிக்காது, சார். இந்தச் சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். தேநீர் மட்டும் போதும். காலை உணவைத் தவிர்க்காதீர்கள் என்று பல வருஷமாக ஊருக்கெல்லாம் எழுதியவன் நான். வீட்டிலிருந்து கிளம்புவது மட்டும் வெறும் வயிற்றோடு. அக்கா இதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். நன்றி. என்னிடம் அவசரமில்லை என்று யாராவது சொல்லி ரொம்ப நாளாகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சீரியல் கம்பெனியில் இருக்கிறேன் என்றால் எல்லாரும் எந்தச் சேனல் என்று கேட்பார்கள். இது பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல். பெட்டிக்குள் இருப்பது சோளமும் சர்க்கரையும். எங்கள் பெட்டியிலும் அதுதான், அடுத்தவன் பெட்டியிலும் அதுதான். வித்தியாசமெல்லாம் பெட்டியின் மேல் சிரிக்கும் பொம்மையில். அதை நாங்கள் 'முகம்' என்போம். முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை கடைத் தரையில் விழுந்து புரளும். பிள்ளை புரண்டால்தான் அம்மா பெட்டியை எடுப்பாள். அந்த முகங்களுக்கு வயதாகாமல் பார்த்துக்கொள்வதும், வயதாகிவிட்டால் சத்தமில்லாமல் அனுப்பிவைப்பதும் என் பொறுப்பு.

நிறையப் பேரை அனுப்பியிருக்கிறேன். முதலில் ஒரு மீசைத் தபால்காரர். கடிதம் என்றால் என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதும் அவர் போனார். அடுத்து இரட்டை அணில்கள். அவற்றின் கையில் ஆளுக்கொரு கொட்டை. பெட்டிக்குள் கொட்டையே கிடையாது. ஆனாலும் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு ஒரு ரோபோ. ஒரு முகத்தை நீக்கும்போது பெட்டியின் பின்பக்கம் இரண்டு வரி அச்சடிப்பது எங்கள் வழக்கம். சும்மா காணாமல் போனால் பிள்ளைகள் அழும். தபால்காரர் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கடலோரம் வீடு கட்டிக்கொண்டார். அணில்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தன. எழுதியது நான்தான். என் கையால் போனவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் போயிருக்கிறார்கள்.

நீர்யானை மாமாதான் ரொம்ப காலம் நின்றவர். தலையில் தொப்பி, கையில் ஆள் உயரக் கரண்டி, முன்னால் தொப்பை. அவரை வரைந்ததும் நான்தான். தொப்பைக்கு மாதிரியாக இருந்தது என் அத்தான், அக்காவின் கணவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தவரை, அவருக்கே தெரியாமல் ஒரு காகிதத்தில் வரைந்து வைத்தேன். திங்கட்கிழமை அது கம்பெனிக்குப் பிடித்துப்போனது.

அத்தான் அப்போது நாற்காலி, சோபா விற்கும் கடையில் வேலை பார்த்தார். கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்தார். "உங்க ஆபீஸ்ல எதையாவது பார்த்துக் கொடேன்டா. இந்த மனுஷன் பகல் பூரா வீட்ல இருந்தா எனக்கு ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது" என்று அக்கா நச்சரித்தாள். ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு நீர்யானை உடுப்புக்குள் நிற்க ஆள் வேண்டியிருந்தது. கூட்டிப்போனேன். தையல்காரர் வயிற்றில் வைத்துக் கட்ட ஒரு பஞ்சு மூட்டையோடு வந்தார்.

"அதெல்லாம் வேணாங்க. நமக்குச் சொந்த முதலே இருக்கு" என்று அத்தான் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

ஒரு நாளுக்கென்று உள்ளே போனவர், பிறகு வேறு வேலை தேடவே இல்லை. பிள்ளைகள் அவரை விடவில்லை. பள்ளி விழா, கடை விழா, ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டு என்று எங்கே கூப்பிட்டாலும் போனார். கூடவே நானும் போனேன்.

இந்த வேலையில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. பிள்ளையின் கண் படும் இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. இரண்டாவதை மீறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ரோபோவுக்குள் இருந்த ஆள் வண்டி நிறுத்துமிடத்தில் தலையைக் கழற்றி வைத்துவிட்டு சிகரெட் பிடித்தான். ஒரு பிறந்தநாள் பையன் பார்த்துவிட்டான். அவன் அலறியதை யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். ரோபோ போனது. அதோடு நானும் போனேன், கிடங்குக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு. அங்கிருந்து மறுபடி மேலே ஏறி வர எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்பதை இங்கே சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர்யானையின் தலைக்குள் ஒரு சின்ன விசிறி இருக்கும், பேட்டரியில் ஓடுவது. அது இருந்தும் உள்ளே வெந்துவிடும். தலைக்கான கொக்கி பிடரிக்குக் கீழே. உடுப்பின் கை தடிமனானது; உள்ளே இருப்பவர் முயன்றால் கழற்றலாம், ஆனால் சிரமம். அதனால் வெளியே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். மூச்சு முட்டினால் உள்ளே இருப்பவர் தொப்பையை மூன்று முறை தட்டுவார். வெளியே நிற்பவர் ஆட்டத்தை நிறுத்தித் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தலையைக் கழற்றுவார். வெளியே நிற்பவன் எப்போதும் நான்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் அத்தான் மூச்சு முட்டித் தட்டினார். படமெடுத்தவர் துள்ளிக் குதித்தார். இதுதான் வேண்டும், இதையே வைத்துக்கொள்வோம் என்றார். 'தொப்பைத் தாளம்' என்று பாட்டுப் போட்டு வந்தது. தெருவில் போகிற பிள்ளையெல்லாம் வயிற்றை மூன்று முறை தட்ட ஆரம்பித்தது. வேறு சைகை வைத்துக்கொள்வோம் என்று அத்தானிடம் சொன்னேன். கேட்கவில்லை.

"எதுக்கு மாப்ளே? ஆட்டத்துக்குத் தட்டுறது வேற, உயிர் போகுதுன்னு தட்டுறது வேற. ஊருக்குத் தெரியாட்டி என்ன, உனக்குத் தெரியும்ல?"

தெரியும். ஆட்டத்துக்குத் தட்டும்போது அவர் முழங்கை வெளியே விரியும். முடியாமல் தட்டும்போது முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

பிறகு காலம் மாறியது. குண்டாக இருப்பது நல்ல உதாரணமில்லை என்றார்கள். நீர்யானைக்கு எத்தனை அங்குலம் தொப்பை இருக்கலாம் என்று நாள் முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம், சார். டாக்டர் ஒருவர் வந்து படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு வருஷமும் இரண்டு விரல்கடை குறைத்தேன். நான் படத்தில் ரப்பரால் அழித்ததை அத்தான் வீட்டில் பட்டினி கிடந்து குறைக்க வேண்டியிருந்தது. "உன் ரப்பர்ல எனக்கும் ஒரு துண்டு குடுடா" என்பார். கடைசியில் நீர்யானை ஏதோ நீண்ட நாள் நோயிலிருந்து எழுந்து வந்தது போல ஆகிவிட்டது. அப்போதுதான் கம்பெனி மானைக் கொண்டுவந்தது. காலில் ஓட்டப்பந்தய ஷூ போட்ட மான். உள்ளே ஒரு நடனக்காரப் பெண்.

மானைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. போகிற இடமெல்லாம் மாமா எங்கே என்று கேட்டார்கள். மானை இறக்கிய முதல் தடவை தோற்றோம். இரண்டாம் தடவையும் தோற்றோம். கம்பெனி இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நீர்யானையே மேடையேறி மானின் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கையசைத்துப் போக வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் நம்புவார்கள் என்றார். நல்ல யோசனைதான். நான் எழுந்தபோது சிரித்துக்கொண்டே, "இன்னொரு தலை கழண்டுதுன்னா உங்க தலையும் கழண்டுடும், பாத்துக்கோங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான்.

விழாவுக்குக் காரில் போகும்போது அத்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீர்யானைத் தலை பின் சீட்டில் இருந்தது. வெயில் கண்ணாடியில் அறைந்தது.

"மாப்ளே, ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது" என்றார். "இன்னைக்குக் கரண்டியைக் குடுத்துட்டு, தலையைக் கழட்டப் போறேன்."

நான் கியரை மாற்றினேன்.

"பஸ்ல பக்கத்துல ஒரு பாப்பா உக்காந்திருந்துச்சு. அதோட பையில நான்தான் இருக்கேன், பல்லைக் காட்டிக்கிட்டு. நான் அதைப் பார்த்துச் சிரிச்சா, அம்மா மடியில மூஞ்சியைப் புதைச்சுக்குது. எத்தனை ஆயிரம் புள்ளைங்களைக் கட்டிப் பிடிச்சிருக்கேன். ஒண்ணுக்கும் என் மூஞ்சி தெரியாது. ஒரே ஒரு வாட்டிடா. பாத்துட்டுப் போகட்டும். அழுதா அழட்டும். ஒண்ணு ரெண்டாவது சிரிக்கும்ல?"

"கம்பெனியில என்ன சொல்லுவாங்க அத்தான்?"

"நாளைக்கு நான் கம்பெனியிலேயே இல்லையேப்பா. என்னை என்ன பண்ணிடுவாங்க?"

அவரை ஒன்றும் பண்ண மாட்டார்கள். அது உண்மைதான். என்னைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. கெட்ட மனசு கிடையாது, சார். யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் வாதாடவில்லை. எனக்கு அப்போது களைப்பாக இருந்தது. ஒரு மனிதரிடம் வாதாடி, அவர் முகம் வாடுவதைப் பார்த்து, மறுபடி சமாதானம் செய்து, இதெல்லாம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. சரி அத்தான், உங்க இஷ்டம் என்றேன். என் தோளில் தட்டினார்.

அது ஒரு பெரிய கடைத் தொகுதியின் திறந்தவெளி முற்றம். மேடைக்கு மேல் கூரை இல்லை. திரைக்குப் பின்னால் அவருக்குத் தலையை மாட்டிவிட்டேன். கொக்கியைப் போட்டேன். பிறகு ஒலிபெருக்கி ஒயர்களைக் கட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்துக் கொக்கியோடு சேர்த்துக் கட்டினேன். இழுத்தால் இறுகும், திரும்பத் தளராது, கத்தரித்தால்தான் உண்டு. அந்தப் பட்டை. தலை கழலக் கூடாது என்பதற்காக மட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் நானே வெட்டிவிட வேண்டும் என்று கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே என் எண்ணம் என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

விசிறியா? அதில் பேட்டரியைக் கழற்றியிருந்தேன். மைக்கில் ரீங்காரம் கேட்கிறது என்று ஒலிக்காரர் சொன்னார்.

அப்படியா. அவரை விசாரித்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாது.

சரி. அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தான் மேடையேறியதும் முற்றமே எழுந்து நின்று கத்தியது. அவர் ஆடினார். வழக்கத்தைவிட நன்றாகவே ஆடினார். மான் வந்தது. கரண்டியைக் கொடுத்தார். மான் குனிந்து வாங்கியது. கடைசியாக ஒரு தடவை தொப்பைத் தாளம் போடலாமா என்று தொகுப்பாளர் கேட்டார். நிகழ்ச்சி நிரலில் இருந்ததுதான். அத்தான் தட்டினார். முழங்கை விரிந்திருந்தது. பிள்ளைகளும் தட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. அவர் மேடையின் ஓரத்துக்கு, நான் நிற்கும் பக்கமாக வந்து மறுபடி தட்டினார்.

தொகுப்பாளர் விடுவாரா. "ஓ, மாமாவுக்கு இன்னும் ஆசை அடங்கலையா? எல்லாரும் தட்டுங்க, இன்னும் பலமா" என்றார். தட்டினார்கள். மான் என்னைத் திரும்பிப் பார்த்தது. உள்ளே இருந்த பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, கையால் கழுத்தைக் காட்டி ஏதோ கேட்டது. நான் விரலைச் சுழற்றி, நடத்துங்கள் என்று காட்டினேன்.

அப்புறம் அத்தானின் கை பிடரிக்குப் போனது. "மாமாவுக்குத் தலை அரிக்குதாம். எத்தனை நாளா குளிக்கலையோ" என்றார் தொகுப்பாளர். நல்ல சிரிப்பு. இரண்டு கையாலும் தேடினார். கொக்கி கையில் அகப்பட்டது. பட்டையும் அகப்பட்டிருக்க வேண்டும். அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். அந்தப் பெரிய கண்ணாடிக் கண் இரண்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன. அவை நான் வரைந்த கண்கள். எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பது போல இருக்கும், அப்படித்தான் வரைந்தேன். அதனால் அவர் என்னைப் பார்த்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு ஒரு கையைத் தூக்கினார். அதைக் கையசைத்தார் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நிரலில் அடுத்து இருந்தது அதுதான்.

உட்கார்ந்தார். பக்கவாட்டில் சாய்ந்து படுத்தார். தொகுப்பாளர் பாவம், அவருக்கு என்ன தெரியும். "மாமா ஆடிக் களைச்சுத் தூங்கிட்டாரு. உஷ்ஷ்... யாரும் சத்தம் போடக் கூடாது, எழுந்துடுவாரு" என்றார். அத்தனை பிள்ளைகளும் வாயில் விரலை வைத்துக்கொண்டு அமைதியாக நின்றார்கள். அவ்வளவு கூட்டம் அப்படி அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்த அமைதி வேண்டியிருந்தது. பையில் கை விட்டேன். கத்தரிக்கோல் இருந்தது. இதோ போகலாம், இதோ போகலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். கால் வலித்தது.

அப்போதுதான் அந்தப் பெண் தன் மான் தலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "யோவ், யாராவது வாங்கய்யா, உள்ள ஆளு இருக்காருய்யா" என்று கத்தினாள். மானின் தலை மேடைப் படிகளில் உருண்டு முன்வரிசைப் பிள்ளைகளின் காலடியில் போய் நின்றது. முற்றம் முழுக்க அழுகை. எத்தனை மாத வேலை. பெட்டிகள் அச்சாகிவிட்டன, மான் படம் போட்ட பைகள் கடைகளுக்குப் போய்விட்டன. ஒரே நொடியில் மானும் முடிந்தது. நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே இருப்பவர் பேசக் கூடாது என்பதை அவளுக்கு இன்னும் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அத்தானைத் திரைக்குப் பின்னால் தூக்கிப்போய்த்தான் பட்டையை வெட்டினார்கள். பிள்ளை யாரும் பார்க்கவில்லை. வெட்டியது அந்தப் பெண். என் பையிலிருந்த கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்று முழுக்க அப்படி எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரொம்பக் களைப்பாக இருந்தது.

அக்கா நேற்று வந்திருந்தாள். நீங்கள்தான் விட்டீர்கள். பட்டையைப் பற்றி அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்று தெரிந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவர் தட்டினாராடா?"

"இல்லக்கா. தட்டவே இல்ல. பட்டுனு சாஞ்சுட்டாரு."

தலையை ஆட்டிக்கொண்டாள். "அதான் பாத்தேன். தட்டியிருந்தா நீ விட்டிருப்பியா? இவங்க என்னென்னமோ சொல்றாங்க. நீ ஒண்ணும் பயப்படாத. காலையில வெறும் வயித்தோட உக்காராதடா, நான் குடுத்தனுப்புறேன்" என்றாள்.

அதுதான் இந்த டப்பா. இதை இங்கிருந்து எடுத்துவிட்டால் நல்லது.

தட்டினார், சார். மூன்று தடவை, பிறகு மறுபடி மூன்று. முழங்கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். பட்டையைக் கட்டியது நான், பேட்டரியை எடுத்தது நான், பார்த்துக்கொண்டு நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவுக்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் இரண்டு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். 'நீர்யானை மாமா தன் ஆற்றுக்கே திரும்பிப் போய்விட்டார். அங்கே அவருக்கு நல்ல குளிர்ச்சி.' விழாவுக்கு முந்தின வாரமே எழுதி அத்தானிடம் படித்துக் காட்டினேன். நல்லா இருக்கு மாப்ளே என்றார். அவருக்குச் சம்மதம்தான், சார்.